பயந்தவர்களின் விசுவாசம்: சபை ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான, தமிழ்நாட்டுச் சபைகளின் ஆயர்களுக்கும், உபதேசியார்களுக்கும், மூப்பர்களுக்கும், சேகரக் குழுவினருக்கும், தோத்திரத்துடன் எழுதுவது.

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் சபையின் நிழலில்தான். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் படித்தவள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இன்றைக்கும் அங்கம் வகிப்பவள். 2020-லும் 2021-லும் கொரோனா வார்டில் இருந்தபோது கண்டதையும் கேட்டதையும் மனதில் வைத்துக்கொண்டே இத்தனை நாள் இருந்துவிட்டேன். கொள்ளைநோய் மறுபடி ஒரு நாள் வரும் என்பதை மருத்துவமனையில் வேலை செய்த எவரும் மறுக்கமாட்டார்கள். அது வருவதற்குள், பயத்தைக் குறித்து நம் பிரசங்க பீடங்களிலிருந்து நாம் என்ன சொன்னோம், அது படுக்கையில் கிடந்தவர்களின் காதில் எப்படி விழுந்தது என்பதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டது 2020 மார்ச் 7 அன்று. அந்த மாதம் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது, ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டன. ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர். இரவுப் பணி முடித்து வீட்டுக்கு வந்து, மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, கைப்பேசியில் அந்த ஆராதனையைப் பார்த்தேன். உயிர்த்தெழுதலின் நாளில் ஆலய மணி கேட்காத ஈஸ்டர் அதற்கு முன் என் வாழ்நாளில் இருந்ததில்லை. அதற்கடுத்த வாரம் என்னைக் கொரோனா வார்டுக்கு மாற்றினார்கள். முதல் நாள் மருத்துவமனை வாகனக் கொட்டகையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இறங்கி உள்ளே போக முடியாமல் கால்மணி நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றோராம் சங்கீதம் எனக்கு எட்டு வயதிலிருந்து மனப்பாடம். அதை வாய்விட்டுச் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். கை நடுக்கம் நிற்கவில்லை. சங்கீதம் சொல்லியும் பயம் போகவில்லையே, அப்படியானால் நான் உண்மையான விசுவாசிதானா என்ற இரண்டாவது பயம் அதோடு சேர்ந்துகொண்டது. நோயைக் குறித்த பயத்தைவிட இந்த இரண்டாவது பயமே என்னை அதிகமாக வாட்டியது.

அந்த இரண்டாவது பயத்தை எனக்குள் வைத்தது எது என்பதே இந்த மடலின் விஷயம்.

அந்த நாட்களில் நம்மிடையே பரவிய செய்திகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பயம் பிசாசினுடையது, பயப்படுகிறவனிடத்தில் விசுவாசம் இல்லை, இயேசுவின் இரத்தக் கோட்டைக்குள் இருக்கிற பிள்ளைகளை நோய் தொடாது என்று குரல் பதிவுகள் நாளொன்றுக்குப் பத்து வந்தன. ‘என் ஜனமே, நீ உன் அறைக்குள்ளே பிரவேசித்து’ என்ற ஏசாயாவின் வசனம் ஊரடங்குக்கென்றே எழுதப்பட்டதுபோல வலம் வந்தது. இவற்றை அனுப்பியவர்கள் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. தங்களுக்குள் இருந்த பயத்தை அடக்கவே அனுப்பினார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அந்த வார்த்தைகள் நோய் வராதவர்களின் வீடுகளில் ஒரு விதமாகவும், நோய் வந்துவிட்டவர்களின் படுக்கையருகில் வேறு விதமாகவும் வேலை செய்தன. வீட்டில் இருந்தவருக்கு அவை தைரியம் கொடுத்தன. படுக்கையில் இருந்தவருக்கு அவை தீர்ப்பாக ஒலித்தன.

ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சம். மே 21 அன்று மட்டும் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியான நாட்கள் அவை. வார்டில் கட்டில் நிரம்பி, வராண்டாவில் தள்ளுவண்டியிலேயே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தோம். அறுபத்தெட்டு வயதுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாடகர் குழுவில் நாற்பது ஆண்டுகள் பாடியவர், மூச்சு வாங்க வாங்க வந்து சேர்ந்தார். சட்டையைக் கழற்றும்போது பையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருந்தது. புத்தாண்டு ஆராதனையில் அவருடைய கைக்கு வந்த அட்டை அது. ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்று அச்சிட்டிருந்தது. அதைத் தலையணைக்கடியில் வைக்கச் சொன்னார், வைத்தேன். நான்காம் நாள் இரவு, முகக்கவசத்தை ஒரு நொடி விலக்கி, ‘சிஸ்டர், கூடாரத்தை அணுகாது என்று சொன்னாரே, அணுகிவிட்டதே, என் விசுவாசத்தில் எங்கே குறை?’ என்று கேட்டார். மரணத்தைக் குறித்து அவர் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் தான் நம்பியவர் தன்னைத் தள்ளிவிட்டாரோ என்று கேட்டார்.

அவருக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆயர்களே, நீங்கள் இறையியல் படித்தவர்கள், நான் படிக்காதவள். அந்த இரவில் என் வாய்க்கு வந்தது இருபத்துமூன்றாம் சங்கீதம். முழுக்கவச உடைக்குள்ளிருந்து, என் குரல் எனக்கே சரியாகக் கேட்காத நிலையில், அவர் காதருகே குனிந்து சொன்னேன். ‘நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.’ அதை எத்தனையோ அடக்க ஆராதனைகளில் கேட்டிருக்கிறேன், ஆனாலும் அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். புல்லுள்ள இடமும் அமர்ந்த தண்ணீரும் வருகிற வரிகளில் தாவீது ஆண்டவரை ‘அவர்’ என்று சொல்லுகிறான். பள்ளத்தாக்கு வந்ததும் ‘தேவரீர்’ என்று நேரே அவரிடமே பேசத் தொடங்குகிறான். பள்ளத்தாக்கு விலக்கப்படும் என்று அந்தச் சங்கீதத்தில் எங்கேயும் இல்லை. கூட இருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது மாத்திரமே இருக்கிறது. ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்தார். அந்த இரவுக்கு மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனார். கடைசி இரண்டு நாள் அந்தக் கேள்வியை அவர் மறுபடியும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு தொண்ணூற்றோராம் சங்கீதத்தை எடுத்து முழுவதுமாக வாசித்தேன். நாம் அட்டையில் அச்சிடுகிற வரி பத்தாம் வசனம். அதற்கு ஐந்து வசனங்கள் தள்ளி, ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து, அவனைக் கனப்படுத்துவேன்’ என்று ஆண்டவரே பேசுகிறார். ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் அவனோடிருப்பேன் என்று அவர் சொல்லத் தேவையில்லை. அந்த வரியை வாக்குத்தத்த அட்டையில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இன்னொன்று, நம் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, கீழே குதியும் என்று பிசாசு சொன்னபோது எடுத்துக்காட்டிய வேதவாக்கியம் இதே தொண்ணூற்றோராம் சங்கீதத்திலிருந்துதான் வந்தது. தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள் என்பது பொய்யான வசனம் அல்ல. மெய்யான வசனத்தையே அவன் காட்டினான். ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்று இயேசு மறுத்துவிட்டார். முகக்கவசம் இல்லாமல் கூட்டம் கூட்டி ஜெபித்து, விசுவாசத்தினால் கூடினோம் என்று சாட்சி சொன்னவர்கள் உப்பரிகையின் ஓரத்தில்தான் நின்றார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளும் அதிகாரம் எனக்கில்லை, உங்களுக்கு இருந்தது.

பயமே பாவம் என்றால், இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்து இரவை நாம் எப்படி வாசிப்பது? அந்த இரவில் ஆண்டவர் ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்’ என்று மாற்கு எழுதியிருக்கிறார். நம்மில் யாராவது ஒருவர் வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழும் அளவுக்குக் கலங்கினால், அவருக்காகத் தனி உபவாச ஜெபம் வைத்து, விசுவாசத்தில் பலப்பட வேண்டும் என்று சொல்லியிருப்போம். இயேசுவோ தம் கலக்கத்தை மறைக்கவில்லை. ‘நீங்கள் இங்கே தங்கி, விழித்திருங்கள்’ என்று மூன்று பேரிடம் கேட்டார். பயம் வந்தபோது அவர் செய்த காரியங்கள் இரண்டு: பிதாவிடத்தில் மனந்திறந்து பேசினார், பக்கத்தில் ஆள் இருக்கும்படி கேட்டார். கொரோனா வார்டில் ஒவ்வொரு நோயாளியும் கேட்டது அந்த இரண்டையுமேதான். அந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைக்காமல் போனவையும் அந்த இரண்டுமே.

இந்தக் கேள்விகள் நமக்குப் புதியவை போலத் தோன்றினாலும் சபைக்குப் புதியவை அல்ல. 1527-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரத்தில் கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகத்தை யேனா நகரத்துக்கு மாற்றினார்கள். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரையும் கிளம்பும்படி ஆட்சியாளரே சொல்லியும் அவர் போகவில்லை. அவருடைய மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். அவர்களுடைய வீடு நோயாளிகளை வைத்துப் பார்க்கிற இடமாயிற்று. அந்த நேரத்தில், பிரெஸ்லாவு நகரத்துப் போதகர்கள் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருந்த ஒரு கேள்விக்குப் பதிலாக அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். கிறிஸ்தவன் கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரைவிட்டு ஓடலாமா என்பது கேள்வி. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் வழியாக லூத்தரின் போதனை தமிழ் மண்ணுக்கு வந்து மூன்று நூற்றாண்டுகள் தாண்டிவிட்டன. அப்படியிருந்தும் 2020-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த மடலைப் பற்றி யாராவது நமக்குச் சொல்லியிருந்தால், எத்தனையோ பேருக்கு மனச்சாட்சியின் பாரம் இறங்கியிருக்கும்.

ஏனென்றால் அதில் அவர் கொடுத்த பதில் நாம் கேட்டுப் பழகிய பதில் அல்ல. சாவிலிருந்து விலக நினைப்பது தேவன் மனிதனுக்குள் வைத்த இயல்பு, அது தன்னிலே குற்றமல்ல என்றார். போதகருக்கும், ஊரை நிர்வகிக்கிறவருக்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத அயலானுக்கும் மாத்திரம் ஓட அனுமதி இல்லை என்றார். மருந்தை அலட்சியம் செய்து, வேண்டுமென்றே நோய்க்குள் நுழைந்து திரிகிறவன் தேவனைப் பரீட்சை பார்க்கிறான் என்றார். மருந்தை உட்கொள், வீட்டைத் தூய்மைப்படுத்து, உன் அவசியம் இல்லாத இடத்துக்குப் போகாதே, ஆனால் அயலானுக்கு நீ தேவை என்றால் தயங்காமல் போ என்பதே அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டு ஜூலையில் அவரே மூர்ச்சையடையும் அளவுக்கு நோயுற்று, அதன்பின் பல மாதங்கள் உள்ளக் கலக்கத்தில் தவித்தவர். பயத்தை அறியாதவர் எழுதிய மடலாக அது இருந்திருந்தால் எனக்கு அது உதவியிருக்காது.

என்னுடைய பயம் எப்படி மாறியது என்றும் சொல்லிவிடுகிறேன், சாட்சி என்று எதையாவது நான் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஒவ்வொரு பணி நேரத்திலும் கவச உடையின் ஜிப்பை இழுக்கும்போது அது திரும்ப வந்தது. ஆனால் உள்ளே போய், ஆக்சிஜன் அளவு எண்பதுக்குக் கீழே போன ஒரு பெண்ணைக் குப்புறப் படுக்க வைப்பதற்காக அவள் தோளின் கீழே கையைக் கொடுக்கும் நொடியில் பயத்துக்கு இடமில்லாமல் போய்விடும். கண் அவளுடைய விரலில் மாட்டிய கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் ‘மெதுவா, மெதுவா மூச்சு விடும்மா’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ‘பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்’ என்று யோவான் எழுதியதை, முதலில் பயம் போக வேண்டும், பிறகுதான் அன்பு செய்ய முடியும் என்று நான் நெடுங்காலம் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். அன்பு உள்ளே வந்து உட்காருவதற்கு இடம் கேட்டது, பயம் நகர்ந்து கொடுத்தது, அவ்வளவுதான் நடந்தது. பணி முடிந்து வெளியே வந்தால் பயம் மறுபடி வாசலில் நிற்கும். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயிற்று.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனத்தை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். ‘தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்’ என்பதோடு முடித்து ஆமென் சொல்லுகிறோம். ‘பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்’ என்பது அதன் மறுபாதி. தெளிந்த புத்தியும் ஆவியானவர் தருகிற வரம். 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது செவிலியர்கள் எங்களுக்குத்தான் முதலில் போட்டார்கள். அந்த ஊசியை நான் ஜெபத்தோடு, நன்றியோடு போட்டுக்கொண்டேன். என் தெருவிலேயே ஒரு சகோதரி, எனக்குத் தாய்போல இருந்தவர், ஊசி போட்டுக்கொள்கிறவன் ஆண்டவரை நம்பாதவன் என்று யாரோ ஒருவர் ஜெபக்கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு மே மாதம் வரைக்கும் போட்டுக்கொள்ளவில்லை. அவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தபோது ஆக்சிஜன் அளவு அறுபதுகளில் இருந்தது. அவருக்காக இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் தவறு என்று நான் நினைக்கவில்லை. தாய்மாரைக் காப்பாற்றப் பெண் மருத்துவர் இல்லாத குறையைக் கண்ணால் பார்த்து, மருத்துவம் படித்துத் திரும்பிவந்த ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையும், நெய்யூரில் மிஷன் மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனையும், ஜெபத்துக்கும் மருந்துக்கும் பகை இல்லை என்பதைத் தமிழ் கிறிஸ்தவர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்படிப்பட்ட பாரம்பரியத்தை வைத்துக்கொண்டு நாம் எப்படி இதில் தடுமாறினோம்?

பயம் மனிதரை என்ன செய்யும் என்பதை 2020 ஏப்ரலில் சென்னையில் பார்த்தோம். ஏப்ரல் 19 அன்று கொரோனாவினால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய முடியாமல் வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனபோது, ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் எடுத்து ஆம்புலன்சைத் தாக்கியது. நள்ளிரவில் காவலர் பாதுகாப்போடு, சக மருத்துவர் ஒருவர் தம் கைகளாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூட வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்டு நாம் எல்லோரும் கண்ணீர் விட்டோம். ஆனால் அதற்கடுத்த ஆண்டில் நம்முடைய சொந்தக் கல்லறைத் தோட்டங்களின் கதவுகள் எல்லாம் திறந்தே இருந்தன என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஒரு சபையின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எங்கள் பிணவறையிலிருந்து, ‘சபையார் சம்மதிக்கவில்லை’ என்ற ஒரே காரணத்தால் குடும்பத்தார் வேறு இடம் தேடி அலைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட பல உடல்களை, கவச உடை அணிந்து, தூக்கிச் சென்று, இறந்தவரின் மார்க்கத்தின் முறைமை என்ன என்று கேட்டு, அதன்படியே மண்ணில் இறக்கியவர்கள் இஸ்லாமிய இளைஞர்கள். நல்ல சமாரியனின் உவமையை நாற்பது முறை கேட்டு வளர்ந்த நாம், அந்த உவமைக்குள் யாராக இருந்தோம் என்பதை ஆயர்கள் ஒரு நாள் பீடத்திலிருந்து பேச வேண்டும்.

ஆனால் அந்த நாட்களில் ஓர் ஆயரையும் கண்டேன். அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் நியாயமானதாக இருக்காது. வார்டுக்குள் அவருக்கு அனுமதி இல்லை. மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையின் பின்பக்கம், வேப்பமரத்தடியில், எங்கள் வார்டின் சன்னல் தெரிகிற இடத்தில் வந்து நிற்பார். நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் அவர் கையில் இருக்கும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிக்காமல், வீட்டார் கேட்டுக்கொண்டவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. என் கைப்பேசிக்கு அழைப்பார், நான் ஒலிபெருக்கியைப் போட்டுக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோவேன். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வீட்டில் என்ன சமையல், பேரன் என்ன சொன்னான் என்று இரண்டு வார்த்தை சொல்லி, ஒரு நிமிடம் ஜெபிப்பார். எழுந்திருக்க முடிந்தவர்கள் சன்னலருகே வந்து கையசைப்பார்கள், அவரும் கீழேயிருந்து கையசைப்பார். நீங்கள் குணமாகி வருவீர்கள் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை. நாளைக்கும் நான்கு மணிக்கு வருவேன் என்று மாத்திரம் சொல்லுவார், வந்தார். முப்பத்தாறு நாள் வந்தார். ஒருநாள் நான் அவரிடம், ஐயா உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். ‘பயமாகத்தான் இருக்கிறது, சிஸ்டர். வீட்டில் சர்க்கரை நோயுள்ள அம்மா இருக்கிறார்கள்’ என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு நூறு பிரசங்கம் செய்யாததைச் செய்தது. பயப்படுகிற ஆயர் ஒருவர் மரத்தடியில் நிற்கிறார் என்றால், பயப்படுகிற செவிலி கட்டிலருகில் நிற்கலாம்.

எண்ணாகமம் பதினாறாம் அதிகாரத்தில் வாதை தொடங்கியபோது ஆசாரியனாகிய ஆரோன் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஓடினான் என்று வாசிக்கிறோம். ஜனத்தைவிட்டு விலகி ஓடவில்லை, சபையின் நடுவிலே ஓடினான். ‘செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே நின்றான்.’ அந்த வேப்பமரத்தடியைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த வரி ஞாபகம் வருகிறது. தங்கள் சபையாரைச் சந்திக்கப் போய் நோயுற்று இறந்த ஆயர்களும் நம்மிடையே உண்டு. நம் சபைகளில் அவர்களை நினைவுகூருவதற்கு ஒரு நாளையும் நாம் இன்னும் ஒதுக்கவில்லை.

நோயிலிருந்து மீண்டவர்களின் சாட்சிகளைக் குறித்தும் உங்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆலயங்கள் திறந்த பிறகு எத்தனையோ பேர் எழுந்து, என் பக்கத்துப் படுக்கைக்காரர் இறந்துபோனார், ஆண்டவர் என்னை மாத்திரம் பிழைக்க வைத்தார் என்று சாட்சி சொன்னார்கள். நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி அதே ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ‘உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது’ என்று உரக்க வாசிக்கும்போது, விழுந்த அந்த ஆயிரம் பேரும் யாரோ ஒருவருடைய அப்பாவும் மகளும் என்பது நமக்கு உறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 38,000-க்கும் மேற்பட்டோர் இந்த நோயில் இறந்தார்கள். அவர்களில் நம்மைவிட ஆழமாக விசுவாசித்தவர்கள் உண்டு. சாட்சி நேரத்தில் அந்த விதவைக்கும் எழுந்து நின்று, என் கணவர் விசுவாசத்தோடே பயந்தார், விசுவாசத்தோடே இறந்தார் என்று சொல்ல இடம் கொடுங்கள்.

வரும் ஆண்டின் வாக்குத்தத்த அட்டைகளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், பத்தாம் வசனம் இருக்கிற இடத்தில் பதினைந்தாம் வசனத்தை வைக்க முடியுமா என்று யோசியுங்கள். இறையியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் ஒரு மாதமாவது அரசு மருத்துவமனை வார்டுகளில் இருந்து, மூச்சுத் திணறுகிறவரின் பக்கத்தில் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதைக் கற்றுக்கொள்ள வழி செய்யுங்கள். ஒவ்வொரு சேகரத்திலும் பத்து இளைஞர்களாவது, தொற்றுநோயில் இறந்தவரைப் பாதுகாப்பாக அடக்கம் செய்யும் முறையைச் சுகாதாரத் துறையிடம் கேட்டுப் பயின்று ஆயத்தமாக இருக்கட்டும். அவர்கள் எல்லா மார்க்கத்தாருக்கும் அதைச் செய்யட்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கொள்ளைநோயால் இறந்தவருக்கும் இடம் உண்டு என்று சேகரக் குழுக்கள் இப்போதே, பயம் இல்லாத இந்த நாட்களிலேயே, தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கட்டும். நோய் வந்த பிறகு கூடுகிற கூட்டத்தில் அந்தத் தீர்மானம் நிறைவேறாது.

கடைசியாக ஒன்று. 2020, 2021 ஆண்டுகளில் இறந்த பலருக்கு நம் சபைகளில் அடக்க ஆராதனையே நடக்கவில்லை. பத்து நிமிடத்தில் குழியில் இறக்கி மூடினார்கள், பாமாலை பாட ஆள் இல்லை, மண் போடப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அந்தப் பெயர்கள் உங்கள் சபைப் பதிவேடுகளில் இருக்கின்றன. வரும் நவம்பரில் கல்லறைத் தோட்டங்களில் நாம் கூடி மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து, அன்று சொல்லாமல் விட்ட அடக்க ஆராதனையின் வார்த்தைகளை அந்தக் கல்லறைகளின் அருகே நின்று முழுமையாகச் சொல்லுங்கள். ஆசிரியரின் பிள்ளைகள் இருவர் வெளியூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பிடித்த பாமாலை எது என்று அவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்